கண்ணாடி நீர்மம் அன்று!

பிழை இருவகைப்படும். அறியாமையாற் பிறக்கும் பிழை ஒன்று. அறிவு வந்து தொட்ட அளவிலேயே அஃது அகன்றுவிடும். அரைகுறை அறிவாற் பிறக்கும் பிழை மற்றொன்று; அஃது அறிவின் ஆடையையே உடுத்துக்கொண்டு உலவுவதால், அதனை ஐயுறுவார் இலர்; ஐயுறாமையால் அஃது அழிவதும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் ஒப்பிக்கப்பட்டுவரும் அத்தகைய பிழைகளுள் ஒன்று, "கண்ணாடி உண்மையில் ஒரு நீர்மமே" என்பது.

அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது ஐரோப்பியப் பழங்கோயில்களின் பலகணிகள். அவற்றிற் பதித்த கண்ணாடித் தகடுகள் மேற்புறம் மெலிந்தும் அடிப்புறம் தடித்தும் இருக்கின்றனவாம். பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி மெல்ல மெல்லக் கீழ்நோக்கி ஓடியதே அதற்குக் கரணியமாம். பாடநூல்களும் பல்லாண்டுக் காலம் இதனை எழுதின. ஆசிரியர்கள் எழுதிப் போட்டனர். மாணவர்கள் மனப்பாடஞ் செய்து மதிப்பெண் பெற்றனர். பலகணியைத் தொட்டுப் பார்த்து, "இது நீர்மமா?" என்று கேட்ட ஒரு சில மாணவர்களும், "போலித்திண்மம்" என்றொரு சொல்லைப் பெற்று வாயடைத்துப் போயினர்.

பலகணிக் கதை பொய். அதனினும் வருந்தத்தக்கது, அப்பொய்க்குப் பின்னே ஒளிந்து கிடக்கும் உண்மை எவருக்கும் சொல்லப்படாமையே. கண்ணாடிக்குள்ளும் நீர்மத்துக்குள்ளும் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிய, நூறாண்டுக்கு மேலாக அறிவுலகம் நடத்திவரும் போராட்டம் மாந்த அறிவின் மிக அரிய முயற்சிகளுள் ஒன்று. ஒரு பொய்யான பலகணியைக் காட்டி, அம்முயற்சி முழுவதையும் மாணவர் கண்ணினின்றும் மறைத்துவிட்டனர்.

பலகணி சொல்லாத சான்று

முதற்கண் பலகணியைப் பார்ப்போம். பழங்காலத்திற் கண்ணாடித் தகடு இக்காலத்தைப் போற் சமநிலைப் பரப்பிற் படியவைத்துச் செய்யப்பட்டதன்று. உருகிய கண்ணாடியை ஊதிப் பெருக்கி, கோலின் முனையில் விரைந்து சுழற்றி வட்டத் தட்டாக விரித்து, பின்னர் அதனைத் துண்டுகளாக வெட்டினர். அத்தட்டு எல்லா இடத்தும் ஒரே தடிப்புடையதாய் இராது. அவ்வாறு ஏறத்தாழ வெட்டுண்ட துண்டுகளைப் பதிக்கும் கைவினைஞன் கனத்த ஓரத்தைக் கீழே வைப்பதே இயல்பு. மேற்புறம் தடித்த தகடுகளும் பழங்கோயில்களில் உண்டு. கண்ணாடி மேல்நோக்கி ஓடிற்று என்று எவரும் சொல்லத் துணியார்.

1998-ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டு அறிஞர் சனோட்டோ இதனைக் கணக்கிட்டுப் பார்த்தார். கோயிற் கண்ணாடி இயல்பான வெப்பநிலையிற் கண்ணுக்குத் தெரியுமாறு ஓடுவதற்கு வேண்டும் காலம் இப்புடவியின் அகவையினும் மிகப் பெரிது என்று அவர் காட்டினார். பின்னர் 2018-இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, இலண்டன் வெசுட்டுமின்சுட்டர் மடக்கோயிலின் பழங்கண்ணாடியினது கூட்டமைப்பையே எடுத்துக்கொண்டு மீண்டும் ஆராய்ந்தது. முன்னை மதிப்பீட்டினும் அதன் பாகுநிலை மிகமிகக் குறைவென்றே அக்குழு கண்டது. அவ்வாறு குறைத்துக் கணக்கிட்டும் கிடைத்த விடை யாது? நூறு கோடி ஆண்டில் அக்கண்ணாடி ஓடும் தொலைவு, மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறு! அக்கோயில் எழுந்தோ ஆயிரம் ஆண்டும் நிரம்பவில்லை.

கணக்கு வேண்டா என்பார்க்குக் கைப்பொருளே சான்று கூறும். எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்ந்தமையால் ஆன கருங்கண்ணாடிக் கல்லைக் கொண்டு கற்கால மாந்தர் செதுக்கிய கத்திகள், பல்லாயிரம் ஆண்டு கழிந்தும் கூர் மழுங்காமற் கிடைக்கின்றன. புதுவைக்கருகில் அரிக்கமேட்டு மண்ணிலிருந்து எடுத்த கண்ணாடி மணிகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையின. நூல் கோப்பதற்கென விட்ட மயிரிழைத் துளை இன்றும் அவற்றில் திறந்தே இருக்கின்றது. கண்ணாடி ஓடும் பொருளாயின் முதலில் தூர்ந்திருக்க வேண்டுவது அந்நுண்துளையே அன்றோ?

பிழை பிறந்த இடம்

ஆயினும், இப்பிழை வெறும் கட்டுக்கதையிலிருந்து பிறந்ததன்று. ஓர் உண்மையைத் தவறாகப் படித்தமையாற் பிறந்தது. அவ்வுண்மையை அறிந்தாலன்றிப் பிழையின் வேர் அறாது.

உப்புக்கல், கற்கண்டு, வைரம் ஆகியன படிகங்கள். அவற்றுள் அணுக்கள் சீரான கோலத்தில், ஒரே அடுக்கு மீண்டும் மீண்டும் வருமாறு நிற்கின்றன. அவற்றினூடே எக்சுக்கதிர் எனப்படும் ஊடுகதிரைச் செலுத்தினால், சிதறிய கதிர்கள் தெளிந்த புள்ளிகளாக விழும். அப்புள்ளிகளின் இடத்தையும் ஒளிர்வையும் அளந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1912-இற் செருமனியில் இலாவேயும், அடுத்து இங்கிலாந்திற் பிராகு தந்தையும் மகனும் இவ்வழியைத் திறந்தனர்.

கண்ணாடியையோ நீர்மத்தையோ அக்கதிரின்முன் வைத்தாற் புள்ளிகள் தோன்றா. மங்கிய வளையங்களே தோன்றும். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனின் பெயரைக் கேட்டவுடன் 1928-ஆம் ஆண்டின் ஒளிச்சிதறலே அனைவர்க்கும் நினைவிற்கு வரும். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1923-இல், அவரும் பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதனும் கல்கத்தாவிலிருந்து நீர்மங்களிலும் படிகமல்லாத் திண்மங்களிலும் ஊடுகதிர் சிதறும் முறை பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். இத்துறையின் தொடக்ககால உழைப்பாளிகளுள் அவ்விருவரும் உளர் என்பதை எத்துணைப் பேர் அறிவர்? 1927-இல் ஆலந்து நாட்டுச் செர்னிக்கும் பிரின்சும், அவ்வளையங்களிலிருந்து அணுக்களுக்கிடையிலுள்ள தொலைவுகளைக் கணித்தெடுக்கும் வழியைக் காட்டினர். 1930-ஐ ஒட்டித் தெபையும் மெங்கேயும் இதள் எனும் பாதரசத்தில் அவ்வழியைச் செயற்படுத்தினர்.

இவ்வழி தருவது படம் அன்று. ஒரு வளைகோடு மட்டுமே. ஓர் அணுவின்மேல் நின்றுகொண்டு நாற்புறமும் நோக்கினால், எத்தொலைவில் எத்துணை அணுக்கள் தென்படும் என்பதையே அக்கோடு கூறும். அண்டை அணுக்கள் ஒரு குறித்த தொலைவில் நெருங்கி நிற்கும். அங்கே கோடு உயர்ந்து எழும். அதற்கு அடுத்த சுற்று சற்று மங்கும். அதற்கும் அப்பால் உயர்வு தாழ்வு கரைந்து கோடு சமமாகிவிடும். அண்மையில் ஒழுங்கு, சேய்மையில் ஒழுங்கின்மை. இதுவே நீர்மத்தின் கதை. இதுவே கண்ணாடியின் கதையும். இருவளைகோடுகளும் உடன்பிறந்தார் போல் ஒத்திருக்கும்.

பிழை பிறந்தது இவ்விடத்தேதான். "அமைப்பு ஒத்திருக்கின்றது, எனவே பொருளும் ஒன்றே" என்று சிலர் முடிவு கட்டினர். தேர்த்திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து ஒரு நிழற்படம் எடுத்ததாகக் கொள்க. அக்கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கையில் எடுத்த படமும், தேர் நின்றபின் கூட்டமும் அசையாது நிற்கையில் எடுத்த படமும் வேறுபாடின்றியே இருக்கும். படம் ஒன்றென்பதால் நிற்பாரும் நடப்பாரும் ஒருவரே ஆவரோ? நீர்மத்தின் அணுக்கள் அண்டையாரை நொடிக்கு எண்ணிறந்த முறை மாற்றிக்கொள்கின்றன. கண்ணாடியின் அணுக்களோ தத்தம் இடத்தில் நின்று அதிர்வதன்றி அண்டையாரை மாற்றுவதில்லை. அமைப்பு வேறு, இயக்கம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே "கண்ணாடி நீர்மம்" எனும் முழக்கத்தின் முதல். 1933-இற் கண்ணாடிநிலை பற்றித் தனிநூலே எழுதிய செருமானிய வேதியலறிஞர் தம்மான், படிகமாகாமலே கெட்டியாகிவிட்ட பொருளென்றே கண்ணாடியைக் கண்டார். படியெடுத்துச் சொன்னவர்கள் "கெட்டியான" என்பதை விட்டுவிட்டனர். ஒரு சொல்லை விட்டமையால் ஒரு திண்மம் நீர்மமாயிற்று!

ஒழுங்கின்மைக்குள் ஒழுங்கு

கண்ணாடிக்குள் நிகழ்வதை முதன்முதலில் தெளிவாக எண்ணிப் பார்த்தவர் நார்வே நாட்டிற் பிறந்து சிகாகோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சக்கரியாசன் என்பவர். 1932-இல் அவர் எழுதிய சிற்றளவான ஆய்வுரை இன்றும் இத்துறையின் அடித்தளமாக உள்ளது.

மணலை உருக்கிச் செய்த தூய கண்ணாடியில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு உயிர்வளி அணுக்கள் சூழ்ந்திருக்கும். நான்கு முகமுடைய ஒரு கூம்புபோல் அமைந்த அக்கட்டு, மூலைக்கு மூலை மற்றைக் கட்டுகளோடு கைகோத்து முப்புறமும் வலையாக விரியும். படிக மணலிலும் அதே கட்டுகளே, அதே கைகோப்பே. வேறுபாடு யாதெனில், படிகத்தில் அக்கைகோப்பின் கோணங்கள் சீராகத் திரும்பத் திரும்ப வருகின்றன; கண்ணாடியிலோ அவை சிறிதுசிறிது மாறிக்கொண்டே செல்கின்றன. அச்சிறு மாற்றங்கள் கூடிக்கூடிச் சேய்மை ஒழுங்கைக் கரைத்துவிடுகின்றன. எப்பொருள் கண்ணாடியாகும், எப்பொருள் ஆகாது என்பதற்கும் அவர் நெறிகள் வகுத்தார்: உயிர்வளி அணு ஒவ்வொன்றும் வலையமைக்கும் அணுக்களுள் இரண்டுக்கு மேல் இணைந்திருத்தல் கூடாது, நடு அணுவைச் சூழும் உயிர்வளிகள் சிலவே ஆதல் வேண்டும், கட்டுகள் மூலையால் இணைய வேண்டுமேயன்றி விளிம்பாலும் முகத்தாலும் இணைதலாகாது, ஒவ்வொரு கட்டிலும் மூன்று மூலைகளேனும் பகிரப்படல் வேண்டும்.

கருவியேதும் கையில் இன்றி, எண்ணத்தின் வலிமையொன்றாலேயே இவற்றை அவர் வகுத்தார். அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வாரன், அடுத்த சில ஆண்டுகளில் ஊடுகதிர் கொண்டு அளந்தார். மீட்டரை ஆயிரங்கோடிக் கூறாக்கினால், சிலிக்கனுக்கும் உயிர்வளிக்கும் இடைத்தொலைவு அத்தகைய கூறுகளில் ஏறத்தாழ 1.6, உயிர்வளிக்கும் உயிர்வளிக்கும் 2.6. நான்முகக் கட்டு கண்ணாடியிலும் குலையாது நிற்கின்றது என்பது உறுதியாயிற்று. 1969-இல் மொசியும் அவரும் மீண்டும் அளந்தபோது, கட்டுக்குக் கட்டு இணையும் கோணம் பெரும்பான்மை 144 பாகையை ஒட்டியும், ஆயினும் 120 முதல் 180 வரை பரந்தும் இருப்பது தெரிந்தது. அப்பரப்பே கண்ணாடியின் கண்ணாடித்தன்மை!

எதிர்க்கருத்தும் இருந்தது. உருசிய அறிஞர் இலெபெதெவு 1921-இலேயே, கண்ணாடி என்பது மிகமிக நுண்ணிய படிகத் துணுக்குகளின் கூட்டமே என்று கூறியிருந்தார். சக்கரியாசன் பக்கமும் இலெபெதெவு பக்கமும் அறிஞர்கள் பல்லாண்டு நின்று வழக்காடினர். அவ்வழக்கு ஏன் விரைவில் முடியவில்லை என்பதே இங்கு ஓர்ந்து நோக்கத்தக்கது. அளவு தந்தது ஒரு வளைகோடு. கேள்வியோ முப்புறப் பொருளைப் பற்றியது. ஒரு கோட்டிற்குப் பொருந்தும் பொருளமைப்புகள் பலவாக இருக்கக்கூடும். பொருந்துகின்றது என்பது வேறு. அதுவே உண்மை என்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்தவர் எத்துறையிலும் ஏமாறுவர்.

பெர்னாலின் பந்துகள்

நீர்மத்தின் அமைப்பை அறிய முயன்றோருள் இலண்டன் பிர்க்பெக்குக் கல்லூரிப் பேராசிரியர் பெர்னால் தனித்து நிற்பவர். நீர்மத்தைச் சிதைந்த படிகமென்றும் நெருங்கிய வளிமமென்றும் பிறர் கருதிவந்த நாளில், "நீர்மம் நீர்மமே; அதற்கென ஒரு வடிவியல் உண்டு" என்று அவர் கருதினார். அதற்காக அவர் கையாண்ட கருவிகள் யாவை? பந்துகளும் குச்சிகளும்! பந்துகளை வெவ்வேறு நீளமுள்ள குச்சிகளால் இணைத்துத் தம் அலுவலறையிலேயே ஓர் உருவத்தைக் கட்டினார். கட்டும்போது ஒழுங்கு தம்மையறியாமல் நுழைந்துவிடக் கூடாதே! அவருக்கு அக்கவலை இல்லை. ஐந்து நிமையத்துக்கு ஒருமுறை எவரேனும் வந்து வேலையைக் குலைப்பர். விட்ட இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும். அவ்வகையில் உருவம் செவ்வனே ஒழுங்கற்று அமைந்தது என்று அவரே நகைச்சுவையோடு எழுதியுள்ளார்.

மெழுகுக்களியுருண்டைகளைச் சுண்ணத்தூளில் உருட்டி ஒன்றாக நெருக்கிப் பிசைந்தும், சிறு எஃகுக் குண்டுகளைப் பையிலிட்டு அசைத்து நெருக்கியும் அவரும் அவர்தம் மாணவர்களும் ஆராய்ந்தனர். நெருங்கிய உருண்டைகளின் முகங்களில் ஐங்கோணம் மிகுந்து காணப்பட்டது. ஐங்கோணத்தைக் கொண்டு தரையில் இடைவெளியின்றிக் கல் பாவ இயலாது என்பது கொத்தனாருக்கும் தெரியும். அதுபோன்றே ஐங்கோண நெருக்கம் முப்புறமும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுப் படிகமாக வளர இயலாது. நீர்மம் படிகமாக மறுத்து நிற்பதன் கமுக்கம் ஒருசிறிது அங்கே வெளிப்பட்டது. மேலும் ஒன்று: குண்டுகளைப் படிகம்போல் அடுக்கினால் இடத்தில் நூற்றுக்கு 74 பங்கு நிரம்பும், தாறுமாறாகக் கொட்டி எத்துணை அசைத்தாலும் ஏறத்தாழ 64 பங்கே நிரம்பும். பெர்னாலின் மாணவர் பின்னி 1970-இல் இதனைச் செம்மையாக அளந்து வெளியிட்டார். தாறுமாறுக்கும் ஓர் எண் உண்டு. ஒழுங்கின்மைக்கும் ஓர் இலக்கணம் உண்டு!

பெருநிதியும் பெருங்கருவியும் இருந்தாலன்றி அறிவியல் செய்ய இயலாது என்று கைகட்டி இருப்போர் பெர்னாலின் அறையை எண்ணிப் பார்ப்பது நன்று. கருவி பின்னர் வரும். கேள்வியே முன்னர் வரல் வேண்டும்.

கோட்டிலிருந்து காட்சிக்கு

கேள்வி வந்தபின் கருவிகளும் வந்தன. ஊடுகதிர் எதிர்மின்னிகளாற் சிதறுவது. ஆதலின் எதிர்மின்னி குறைந்த எளிய அணுக்களை அது தெளிவாகக் காட்டாது. நியூத்திரான் எனும் நொதுமியோ அணுக்கருவாற் சிதறுவது. ஒரே தனிமத்தின் எடைவேறுபட்ட அணுக்களை மாற்றி மாற்றி வைத்து நொதுமிகளைச் செலுத்தினால், எவ்வணுவுக்கு எவ்வணு அண்டை என்று வேறுபிரித்து அறியலாம். 1966-இல் எண்டர்பியும் உடன்பணியாளரும் உருகிய செம்பு-வெள்ளீயக் கலவையில் இதனைச் செய்து காட்டினர். கணிப்பொறியும் துணைக்கு வந்தது. ஐதராபாத்திற் பிறந்து அமெரிக்காவில் ஆய்ந்த அனீசூர் இரகுமான் 1964-இல், நீர்ம ஆர்கானின் 864 அணுக்களைக் கணிப்பொறிக்குள் நடமாடவிட்டு அவற்றின் இயக்கத்தைக் கணக்கிட்டார். 1988-இல் மக்கிரீவியும் புசுதாயும், அளந்து பெற்ற வளைகோட்டுக்குப் பொருந்துமாறு கணிப்பொறியே அணுக்களை நகர்த்தி நகர்த்தி அமைக்கும் முறையை வகுத்தனர். ஆயினும், பொருந்துவன எல்லாம் உண்மையாகா எனும் பழைய எச்சரிக்கை இங்கும் தொடர்ந்தது. கணிப்பொறிக்குள் உருகுபொருளைக் குளிர்விக்கும் விரைவு உலைக்களத்தில் நிகழும் விரைவினும் எத்தனையோ கோடி மடங்கு மிகுதி என்பதையும் மறத்தலாகாது.

2012-இல் எவரும் எதிர்பாராத காட்சியொன்று கிடைத்தது. அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகமும் செருமனி உல்ம் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, கரிமப் படலம் செய்ய முயன்றபோது, தற்செயலாக ஈரணுத் தடிப்பே உடைய கண்ணாடிப் படலமொன்று உண்டாகியிருக்கக் கண்டது. எதிர்மின்னி நுண்ணோக்கியால் அதனை நோக்கினர். ஐந்தும் ஆறும் ஏழுமாக வளையங்கள் ஒழுங்கின்றிக் கைகோத்து நின்றன. எண்பது ஆண்டுக்கு முன் சக்கரியாசன் மையால் வரைந்த படமே உயிர்பெற்று வந்ததுபோல் இருந்தது! அதே ஆண்டிற் பெர்லினிலும் வேறொரு குழு அத்தகைய படலத்தைத் தானே ஆக்கி, அணு அணுவாகக் கண்டது. பின்னர் 2021-இல் இலாசு ஏஞ்செலிசு நகரிற் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாவ் குழுவினர், எட்டு மாழைகள் கலந்த நுண்கண்ணாடித் துகளொன்றை 55 கோணங்களில் நோக்கி, அதனுள் இருந்த 18,356 அணுக்களின் இருப்பிடங்களையும் முப்புற அளவிற் கண்டறிந்தனர். படிகமல்லாத் திண்மமொன்றில் ஒவ்வோர் அணுவின் இடமும் அறியப்பட்டது அதுவே முதன்முறை.

அறியாததை அறியாததென்று சொல்லுதல்

இத்துணை அறிந்தும் தலையாய வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது. உருகிய கண்ணாடி குளிருங்கால் அதன் பாகுநிலை ஏறிக்கொண்டே சென்று, கெட்டியாகும் நிலையில் நீரினதைப் போற் பத்துக் கோடிகோடி மடங்காகின்றது. அணுக்களின் அமைப்போ அதற்கேற்பப் பெரிதும் மாறக் காணோம். அமைப்பு அவ்வளவாக மாறாதிருக்க, இயக்கம் மட்டும் இவ்வாறு நின்றுபோவது ஏன்? நோபல் பரிசு பெற்ற ஆண்டர்சன் 1995-இல், திண்மப் பொருளியலின் விடைகாணா வினாக்களுள் மிக ஆழமானது இதுவே எனக் கருத்துரைத்தார். 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசிற் பாதியைப் பெற்ற இத்தாலி நாட்டுப் பரிசி, ஒழுங்கற்ற அமைப்புகளின் கமுக்கத்தைத் துருவியமைக்காகவே அதனைப் பெற்றார். ஆயினும் முடிந்த முடிபு இன்னும் வாய்க்கவில்லை.

வரையறையிலும் வழக்கு ஓயவில்லை. சனோட்டோவும் மாரோவும் 2017-இல் ஒரு புதிய வரையறை தந்தனர்: கண்ணாடி என்பது நிகர்நிலையடையாத, படிகமல்லாத பொருள்நிலை; குறுங்காலத்தில் திண்மமாகத் தோன்றினும் இடைவிடாது நீர்மநிலை நோக்கித் தளர்ந்துகொண்டிருப்பது. "பார்த்தீரா, நீர்மம் என்றுதானே வருகின்றது!" என்று பழம்பிழையினர் எழுந்து ஆடக்கூடும். அன்று. செல்லும் திசை வேறு. செல்ல ஆகும் காலம் வேறு. பலகணி ஓட்டத்துக்குப் புடவியின் அகவையும் போதாதென்று காட்டியவரும் அதே சனோட்டோவே. 2013-இல் வெளிவந்த ஓர் அளவீடு இதனை மேலும் தெளிவாக்கும். புதிதாகச் செய்த தொழிற்கண்ணாடித் தகடொன்று இயல்பான வெப்பநிலையில் ஒன்றரையாண்டில் ஏறத்தாழ நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவு சுருங்கியது கண்டறியப்பட்டது. அது தன்னுள் செறிந்தது, கீழ்நோக்கி ஓடியதன்று. கண்ணாடி அசையாப் பொருள் என்பதும் முழுவுண்மை அன்று. ஓடும் பொருள் என்பது முழுப்பொய்.

இவ்வளவையும் மாணவர்க்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்பார் உளர். சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. அணுவுலைகளின் கொடிய கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு கலந்து உருக்கிக் கட்டியாக்கிச் சேமிக்கும் முறை, பிரான்சின் மார்க்குலில் 1978 முதல் தொழிலளவிற் கையாளப்பட்டது. இந்தியாவிலும் துராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் அதற்கு நிலையங்கள் உள்ளன. அக்கட்டிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீர்பட்டும் கரையாது நஞ்சைத் தம்முள் அடக்கி நிற்குமா என்பது, அவற்றின் அணுவலை எங்கே இறுகி எங்கே தளர்ந்துள்ளது என்பதைப் பொறுத்தது. எதிர்கால மக்களின் நிலமும் நீரும் அவ்வறிவை நம்பி இருக்கின்றன. கடலடியிற் செய்தி சுமக்கும் கண்ணாடி இழையும், கையிலுள்ள தொலைபேசியின் முகப்பும், எலும்போடு ஒட்டி வளரும் மருத்துவக் கண்ணாடியும், விரைந்து கரைதற்பொருட்டுப் படிகமாகாமற் செய்யப்படும் மருந்துகளும் எல்லாம் இவ்வொழுங்கின்மையின் மக்களே. "கண்ணாடி ஒரு நீர்மம், பலகணியைப் பார்" எனும் ஒற்றை வரியோடு பள்ளியை விட்டு வெளிவரும் இளைஞன், இவற்றுள் எதனையும் கேட்கவோ ஆராயவோ எவ்வாறு முன்வருவான்?

சொற்களும் திருந்த வேண்டும். "உருவிலி" என்று இப்பொருள்களை அழைப்பது பொருந்தாது. அவற்றுக்கு உரு உண்டு. திரும்பவரும் அடுக்கே இல்லை. "போலித்திண்மம்" என்பது அதனினும் கேடு. திண்மையிற் கண்ணாடி யாதோர் உப்புக்கல்லுக்கும் தாழ்ந்ததன்று. "மீக்குளிர் நீர்மம்" என்பது உருகுநிலைக்குக் கீழே குளிர்ந்தும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நீர்மத்துக்கே உரியது; கெட்டியாகிய கண்ணாடிக்கு உரியதன்று. படிகமல்லாத் திண்மம் எனச் சொல்லுதல் தெளிவு. கண்ணாடித் திண்மம் எனச் சொல்லுதல் அழகும் தெளிவும். பொருளைத் திரித்துக் காட்டும் பெயர் ஒருகால் நெஞ்சிற் பதிந்துவிட்டால், பின்னர் நூறு ஆய்வுரைகள் வந்தும் அதனைப் பெயர்த்தெடுத்தல் அரிது. பலகணிக் கதையே அதற்குச் சான்று.

ஆசிரியப் பெருமக்கள் செய்ய வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. ஒரு கூடை எலுமிச்சம்பழங்களை அடுக்கியும், அவற்றையே வாரிக் கொட்டியும் மாணவர்க்குக் காட்டுக. இரண்டினும் ஒவ்வொரு பழத்துக்கும் அண்டைப் பழங்கள் நெருங்கி நிற்பதைக் காட்டுக. ஒன்றில் அடுக்குத் தொடர்வதையும், மற்றொன்றில் தொடராமையையும் காட்டுக. கொட்டிய குவியல் ஒழுங்கற்றது. ஆயினும் அஃது ஓடவில்லை என்பதை அவர்களே சொல்லட்டும். பின்னர், "இக்குவியல் ஏன் ஓடாது நிற்கின்றது என்பதற்கு உலகின் பேரறிஞர்களும் இன்னும் முழுவிடை காணவில்லை, காண்பார் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்" என்று சொல்லுக.

பொய்யான விடையைப் பெற்ற மாணவன் அத்துடன் உறங்கிவிடுவான். உண்மையான வினாவைப் பெற்ற மாணவன் உறங்கான். கண்ணாடி ஓடவில்லை, அது நின்றுகொண்டிருக்கின்றது. ஓட வேண்டியது அதனைக் கற்பார்தம் அறிவே!